யாருக்கும் நட்டமில்லை

"உங்கள்ல யாருக்கும் ஒரு பைசா நட்டமில்லை" என்று துபாஷி சொன்னதும் வெல்டருக்குக் காது மடல் சூடேறியது.

காலை ஏழு மணி. முப்பத்திரண்டு பேரையும் வேலைக்குப் போகவிடாமல் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார வைத்திருந்தார்கள். எதிரே வெள்ளைச் சட்டை மேனேஜர். அவருக்குப் பக்கத்தில் துபாஷி.

துபாஷியும் நம்மாள்தான். கப்பல் பழுதுபார்க்கும் அந்தத் தளத்தில் யார் எத்தனை மணிக்கு வந்தார், போனார் என்று குறிக்கிற வேலை. மேனேஜரின் மொழி அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதனால்தான் மொழிபெயர்ப்பவன் என்று பொருள்படும் அந்தப் பட்டப்பெயர். ஏசி அறை, மடிப்புக் கலையாத சட்டை, பையில் இரண்டு பேனா. வெல்டருக்கு அவனைக் கண்டாலே ஆகாது.

மேனேஜர் பேசப் பேச, துபாஷி தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான்.

போன மாதம் வரை இந்த ஊர்க் காசு ஒன்றுக்கு இருபது ரூபாய் கிடைத்தது. இப்போது ரூபாய் விழுந்துவிட்டது. இருபத்துநான்கு கிடைக்கிறது. ஆகவே ஆயிரத்து ஐந்நூறாக இருந்த சம்பளம் இந்த மாதம் முதல் ஆயிரத்து இருநூற்றைம்பது. பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள், வீட்டுக்கு அதே முப்பதாயிரம் போய்ச் சேரும்.

மேனேஜர் கால்குலேட்டரை உயர்த்திக் காட்டினார். அன்னதானம் செய்கிறவரைப் போல முகமெல்லாம் சிரிப்பு.

சம்பளம் மொத்தத்தையும் ஊருக்கு அனுப்பிவிட்டு மனுஷன் இங்கே காற்றைக் குடித்தா உயிர் வாழ்கிறான்?

சோப்பும் ரொட்டியும் தைலமும் இந்த ஊர்க் காசில்தானே வாங்க வேண்டியிருக்கிறது? தளத்துக் கடைக்காரன் எதிலாவது ஒரு காசு குறைத்தானா?

ஊரில் மட்டும் என்ன வாழ்ந்தது? ரூபாய் விழுந்த வாரமே மனைவி போனில் மூக்கைச் சிந்தினாள். பெட்ரோல் ஏறிவிட்டது, எண்ணெய் ஏறிவிட்டது, மாமாவுடைய சர்க்கரை மாத்திரை ஏறிவிட்டது. விழுந்தது ரூபாய், அடிபட்டது அவள்.

ரேட் கூடிவிட்டது என்று கேள்விப்பட்டதும் போன வாரம் தானே விசிலடித்துக் குதித்தது வெல்டருக்கு நினைவு வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த வெட்கமும் கோபத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டது.

எழுந்தான். எழுந்த வேகத்தில் பெஞ்சு பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது.

"மூணு வருஷத்துக்கு முந்தி இதே ரூபா ஏறுச்சே, எங்க வீட்டுக்குப் போற காசு குறைஞ்சுதே, அன்னைக்குச் சம்பளத்தைக் கூட்டிக் குடுத்தாரா இவரு? கேளுடா!"

யாரோ மேசையில் தட்டினார்கள். இன்னொரு கை தட்டியது. இன்னும் நாலைந்து.

துபாஷி மேனேஜர் பக்கம் திரும்பினான். தலையைக் குனிந்து, குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னான்.

ஒன்பது வருஷத்தில் வெல்டர் அந்த மொழியில் கற்றதெல்லாம் தூக்கு, இறக்கு, சீக்கிரம், நாளைக்கு வா. துபாஷி பேசியதில் அந்த நாலு வார்த்தைகளில் ஒன்றுகூட இல்லை.

மேனேஜர் துபாஷியை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். சிரித்தார். ஏதோ சொல்லி அவன் தோளில் தட்டிக்கொடுத்தார்.

துபாஷி இந்தப் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, எல்லாரும் கையெழுத்துப் போட்டுடுங்க. போடாதவங்களுக்கு இன்னைக்கே ஊருக்கு டிக்கெட்டாம்."

கேட்ட கேள்விக்குப் பதில் எங்கே? பதிலா இது? இவன் கேட்டானா, இல்லை காலைப் பிடித்துத் தடவிவிட்டு வந்தானா?

மேசைத் தட்டல் ஒவ்வொன்றாக ஓய்ந்தது. தங்கை கல்யாணக் கடன் உள்ளவன் முதலில் எழுந்து போனான். பிறகு வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டவன். பிறகு எல்லோரும்.

வெல்டர் கடைசி ஆள். ஏஜென்டுக்குக் கட்டிய பணத்துக்காக அடகு வைத்த பத்திரம் இன்னும் மீளவில்லை. அவன் அழுத்திய அழுத்தில் பேனா முனை காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போனது.

"கோடாலிக்காம்பு" என்று சொல்லி, துபாஷியின் காலடியில் காறித் துப்பினான்.

எச்சில் ஷூவில் தெறித்தது. துபாஷி கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டான்.

காலை முழுக்க வெல்டர் கப்பலின் வயிற்றுக்குள் படுத்துத் தகடு ஒட்டினான். பொறி பறக்கும்போதெல்லாம் துபாஷியின் சட்டை மடிப்புதான் கண்ணில் நின்றது. இன்னும் நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். சட்டையைப் பிடித்திருக்க வேண்டும்.

மத்தியானம் வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவும்போது வேன் டிரைவர் வந்து நின்றார். அந்த ஊரில் இருபது வருஷம் வண்டி ஓட்டியவர், அவருக்கும் அந்த மொழி தெரியும். காலையில் கூடத்து வாசலில் நின்றவர்தான். இப்போது ஏர்போர்ட்டிலிருந்து வருவதாகச் சொன்னார்.

"ஏர்போர்ட்டா? எல்லாரும்தான் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டோமே. யாரை ஏத்தி விட்டுட்டு வர்றீங்க?"

"துபாஷியை."

குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. வெல்டர் அதை மூடவில்லை.

டிரைவர் அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"நீ கேட்டதை ஒரு எழுத்து விடாமத்தான் சொன்னான். ஆனா நீ கேட்டதா சொல்லலை. 'எந்த இடத்துல கையெழுத்துப் போடணும்னு வெல்டர் கேக்கிறாரு. அன்னைக்கு ஏன் கூட்டிக் குடுக்கலைன்னு கேக்கிறது நான்'னு சொன்னான்."