மூடுபனிக்கு மேலே

ஆல்ப்ஸ் மலைமேல் உயர் காற்றழுத்தம் வந்து உட்கார்ந்ததிலிருந்து காற்று அசையவே இல்லை. பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனிக்கு அடியில் உறைந்து கிடந்தது. உச்சியில் ஃப்ளுரீனா நடத்திய சாப்பாட்டுக் கடையிலோ, பனிச்சறுக்குக்கு வந்தவர்கள் சட்டைக் கையை மடித்துவிட்டு வெயில் காய்ந்தார்கள்.

அவள் கணவன் டூரி காலையில் சண்டை போட்டுவிட்டுக் கீழே தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தான். மதியம் மூடுபனிக்குள்ளிருந்து நடந்தே ஏறி வந்தான். மீசையிலும் புருவத்திலும் உறைபனி.

"இன்னும் கோவமா? சரி, தப்பு என் மேலதான். சூப்பாவது குடு தாயே," என்று சிரித்தான்.

கல்யாணமான நாளிலிருந்து டூரி எந்தத் தப்பையும் ஒத்துக்கொண்டதில்லை. வெளியே அவன் உட்கார்ந்த மேசைக்கே பார்லி சூப்பைக் கொண்டுபோய் வைத்தாள். ஆவி முகத்தில் அடித்தது, வெயில் சுள்ளென்று விழுந்தது. மீசையிலிருந்த உறைபனி ஒரு துளிகூட உருகவில்லை.

உள்ளே தொலைபேசி அடித்தது. டூரியின் குரல்.

"அக்கா வீட்லதான் இருக்கேன். நீயா கூப்பிடுற வரைக்கும் வரமாட்டேன், பாத்துக்க."

பின்னால் அவன் அக்கா அவனைத் திட்டுவதும் கேட்டது.

ஃப்ளுரீனா ஜன்னல் வழியே பார்த்தாள். வெளியே இருந்தவன் பக்கத்து நாற்காலியைத் துடைத்து வெயிலுக்கு நகர்த்திக்கொண்டிருந்தான்.

"வாயேன், வெயில் போறதுக்குள்ள கொஞ்சம் உக்காரு," என்று கூப்பிட்டான்.

"சரி, அங்கேயே இரு," என்று சொல்லித் தொலைபேசியை வைத்தாள். வெளியே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையின் சில்லிப்பில் அவள் விரல்கள் மரத்துப்போயின. அவள் விடவில்லை.