கவரேஜ் பார்க்க வந்தவர்கள்

"நாளைக்கு நாங்களே உங்க தோட்டத்துக்கு வர்றோம் சேர். கவரேஜ் எப்படி இருக்குன்னு நேர்லயே பார்த்துருவோம்."

போனில் நிரோஜினி இப்படிச் சொன்னதும் லியனார்டுக்கு வாயிலிருந்த தேத்தண்ணி புரையேறிவிட்டது.

"எதுக்குங்க, கொழும்புல இருந்து அவ்வளவு தூரம்..."

"மேடமும் வர்றாங்க. அவங்க பார்த்துச் சரின்னு சொன்னாத்தான் இந்த விசயம் முடியும். வைக்கிறேன் சேர்."

லியனார்ட் போனைத் திருப்பிப் பார்த்தான். சிக்னல் கோடுகள் அத்தனையும் நிறைந்து நின்றன. அதுதான் பிரச்சினை.

தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் அவன் கணக்கு வாத்தியார். ஒன்லைன் பாடத்துக்காக அவனிடம் படிக்கும் பிள்ளைகள் போனைத் தூக்கிக்கொண்டு பாறை உச்சிக்கு ஏறிய காலம் உண்டு. மழையில் ஒருத்தி வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டாள். அன்றைக்கே போன் கம்பெனியின் கொழும்பு அலுவலகத்துக்கு அழைத்துச் சண்டை போட்டான். அந்தச் சண்டையை மறுமுனையில் வாங்கிக்கொண்டவள்தான் நிரோஜினி. எங்கெங்கே டவரைப் புதுப்பிக்கிறார்கள், புதுப்பித்த பிறகு கவரேஜ் எப்படி என்று கண்காணிப்பது அவள் வேலை.

"நானும் நோர்வூட் தோட்டத்துப் பிள்ளைதான் சேர். விட மாட்டேன்" என்றாள். விடவும் இல்லை. டவர் ஃபோர் ஜீ ஆனது. பிள்ளைகள் அடுப்படியில் குளிர் காய்ந்துகொண்டே பாடம் படித்தார்கள்.

அத்தோடு நன்றி சொல்லி முடித்திருக்க வேண்டும். ஆனால் மறுவாரம் அவள் அழைத்து, "இப்ப எப்படி சேர் இருக்கு?" என்று கேட்டபோது, நன்றாக இருக்கிறது என்று சொன்னால் இந்தக் குரல் இனி வராதே என்று அவனுக்குப் பட்டது.

"ரெண்டு கோடுதாங்க. அதுவும் வந்து வந்து போகுது."

அன்றிலிருந்து வாரம் தவறாமல் அவள் விசாரித்தாள். இவனும் தவறாமல் குறைப்பட்டுக்கொண்டான். கவரேஜில் தொடங்கும் பேச்சு, மலையில் பெய்யும் மழை, வெள்ளவத்தை அறையில் அவள் தீய விட்ட பருப்புக்கறி என்று எங்கெங்கோ போய்வரும்.

வருகிறோம் என்று போன் வந்த மறுநாள் சனிக்கிழமை. லயத்து வரிசை வீடுகளுக்கு முன்னால் ஆட்டோ வந்து நின்றது.

முதலில் இறங்கியவள் நிரோஜினி. குரலை மட்டுமே அறிந்திருந்த லியனார்டுக்கு, முகத்தைப் பார்த்ததும் "வாங்க" என்ற ஒரு சொல்கூட ஒழுங்காக வரவில்லை. அவளுக்குப் பின்னால் கையில் குடையோடு, சிரிப்பே இல்லாத முகத்தோடு ஒரு பெண்மணி இறங்கினார்.

"இவங்கதான் பெற்றீசியா மேடம்."

மேடம் நேரே உள்ளே வந்தார். கூரைத் தகரத்தை அண்ணாந்து பார்த்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"வீட்டுல எத்தனை பேரு?"

"நானும் அம்மாவும்தாங்க மேடம். அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருக்காங்க."

"ஞாயித்துக்கிழமை எங்க இருப்பீங்க?"

"காலையில கோயில். பூசை முடிஞ்சா வீடுதாங்க."

"கோயில் பக்கம் கவரேஜ் எப்படி சேர்?" என்று நிரோஜினி அவசரமாகக் கேட்டாள்.

லியனார்ட் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்தான். மேடம் ஒரு மிடறு குடித்துவிட்டு, அவனுடைய போனைக் கேட்டு வாங்கினார். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"கோடெல்லாம் நிறைஞ்சுதானே நிக்குது? கவரேஜ் சரியில்ல, சரியில்லன்னு இவ்வளவு நாளா சொன்னது இந்தப் பிள்ளைதானே?"

நிரோஜினி தலையைக் குனிந்துகொண்டாள். லியனார்டுக்குத் திக்கென்றது. தன்னால் ஒரு பெண்ணின் வேலை போய்விடுமே! இதற்கு மேல் பேசாமல் இருப்பது ஆம்பளைக்கு அழகா?

"அவங்க மேல தப்பே இல்லைங்க மேடம். பொய் சொன்னது நான். டவர் மாத்துன நாள்ல இருந்தே கவரேஜ் நல்லாத்தான் இருக்கு."

"படிச்சுக் குடுக்குற வாத்தியாரு, எதுக்குப் பொய் சொன்னீங்க?"

லியனார்ட் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "நல்லா இருக்குன்னு சொன்னா, இவங்க அப்புறம் பேச மாட்டாங்களேன்னுதாங்க."

மேடம் நிரோஜினியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு 'களுக்'கென்று ஒரு சிரிப்பு. நிமிர்ந்து பார்த்தால், நிரோஜினி வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க தோட்டத்துல கவரேஜ் நல்லா இருக்குன்னு ஓபிஸ் கம்ப்யூட்டர்ல முதல் நாளே காட்டிருச்சு சேர். அன்னைக்கே உங்க முறைப்பாட்டை மூடிட்டேன்."

"அப்ப... வாரா வாரம் விசாரிச்சது?"

"அதெல்லாம் ஓபிஸ் போன்ல எடுத்த கோல் இல்ல. என் சொந்தக் காசுல போட்ட ரீலோட்டு."

லியனார்ட் ஒன்றும் புரியாமல் அந்தப் பெண்மணியைப் பார்த்தான். "அப்போ மேடம், நீங்க..."

அவர் மீதித் தேத்தண்ணியையும் குடித்து முடித்து, முதல் தடவையாகச் சிரித்தார்.

"என்னைய இனி மேடம்னு கூப்புடாதீங்க தம்பி. நான் இவளைப் பெத்தவ, அத்தைன்னு கூப்புடுங்க."