மூட்டையில் இல்லாத வேட்டி

பொண்டாட்டி ராமுத்தாய் கட்டி வைத்திருந்த மூட்டையைப் பெரியமுத்து மூன்றாவது தடவையாக அவிழ்த்துப் பார்த்தான். ரேஷன் கார்டு, தீப்பெட்டி, கொஞ்சம் அரிசி, மகள் குருவம்மாளின் பாவாடைகள், ராமுத்தாயின் சேலை ஒன்று. அவன் துணி ஒன்றுகூட இல்லை. கொடியில் கிடந்த அவனுடைய வேட்டியையும் பத்து நாளாகக் காணோம்.

சில்வர் ஓக் மரத்தின் கிளை முறிந்து அவன் முதுகில் விழுந்து இரண்டு வருஷம் ஆகிறது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. மூட்டையைத் தொடுவதற்கே கட்டிலிலிருந்து இறங்கி, கையால் தரையில் ஊர்ந்து வர வேண்டியிருந்தது.

ஆனி பிறந்ததும் வில்லேஜ் ஆபீசர் தேயிலை எஸ்டேட்டுக்கு வந்து லயத்து வரிசை வீடுகளின் ஆட்களை எல்லாம் நிறுத்தி வைத்துப் பேசினார். மேலே மலையில் வெடிப்பு விட்டிருக்கிறது, இந்த மழைக்கு மலையே சரிந்து உருள்பொட்டல் வரலாம். மலை இரைகிற சத்தம் கேட்டால் பக்கவாட்டில் கருப்பன் மேட்டுக்கு ஓடிவிடுங்கள், வீட்டுக்கு ஒரு மூட்டை போதும், விட்ட சாமானை எடுக்கத் திரும்பி வரக் கூடாது என்றார். நடக்க முடியாதவர்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

முன்கூட்டியே எங்காவது போய்விடவும் வழியில்லை. வேலையை விட்டால் லயத்து வீட்டையும் விட வேண்டும். சம்பளம் வாங்குகிறவள் இப்போது ராமுத்தாய் ஒருத்திதான்.

அந்த வாரம் அவனை டிஸ்பென்சரிக்கு ஆள் வைத்துத் தூக்கிப் போனார்கள். கம்பவுண்டர் ஏசுரத்தினம் தராசில் உட்கார வைத்துப் பார்த்துவிட்டு, முப்பத்தொன்பது கிலோ, இவன் சாப்பிடுகிறானா இல்லையா என்று ஏசினார். சரியாகப் பார்த்தீர்களா என்று ராமுத்தாய் இரண்டு தடவை கேட்டாள்.

அதற்கப்புறம்தான் அவள் போக்கு மாறியது. சாயங்காலம் கொழுந்து நிறுத்து முடிந்ததும் நேரே வீட்டுக்கு வருவதில்லை. இருட்டுகிற நேரத்துக்கு வந்து, புறக்கடையில் எதையோ தொம்மென்று போடுவாள். என்னவென்று கேட்டால் அடுப்பு மூட்டப் போய்விடுவாள்.

பக்கத்து வீட்டு நல்லமுத்துதான் வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னான். "ஒம் பொண்டாட்டி தெனமும் கருப்பன் மேட்டுக்குச் சாக்குல கல்லக் கட்டி முதுகுல சொமக்கிறாப்பா. அதையும் கொழுந்துத் தராசுல வச்சு நிறுத்துப் பாத்துட்டுத்தான் போறா, கங்காணி தலையில அடிச்சிக்கிறாரு. ஒன்னயக் கட்டிலோட விட்டுட்டு அங்கன தனி வீடு கட்டப் போறாளாக்கும்."

சிரித்துக்கொண்டே போய்விட்டான். பெரியமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. மேட்டில் ஒரு குடிசை, அதில் ஒரு மூட்டை, தாயும் மகளும் என்று கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

அன்றைக்கு ராத்திரிக் கஞ்சிக்கு முன்னால் அவள் வழக்கம்போல மகளைக் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"மலை எரைஞ்சா என்ன செய்வ?"

"மூட்டையத் தூக்கிட்டு மேட்டுக்கு ஓடுவேன்."

"திரும்பிப் பாப்பியா?"

குருவம்மாளின் கண் கட்டில் பக்கம் வந்து போனது. "அப்பா?"

"அப்பாவ நெனச்சிக்கிட்டு நிக்கக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்லிருக்கேன்?"

ராமுத்தாய் படுக்க வந்ததும் பெரியமுத்து தானாகவே பேச்சை எடுத்தான்.

"ஏ புள்ள, ஏதாச்சும் ஒண்ணுன்னா என்னயப் பாத்துக்கிட்டு நிக்காத. நீயும் ஓடிரு."

மாட்டேன் என்ற ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தான். அவள் தன் தோளில் விளக்கெண்ணெயைத் தேய்த்தபடி, "அதெல்லாம் ரோசிச்சு வச்சிருக்கேன் மாமா" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் மலை இரைந்தது. ரோட்டில் பத்து லாரி ஒன்றாக இறங்குவது மாதிரி ஒரு சத்தம். லயம் முழுக்கக் கதவுகள் அடித்துக்கொண்டன.

மழைக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை, குருவம்மாள் வீட்டில்தான் இருந்தாள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு வாசலில் ஒரு கணம் தயங்கினாள். ஓடுத்தா என்று அவன் கத்தியதும் ஓடினாள், திரும்பிப் பார்க்கவில்லை. நல்லமுத்து இரண்டு இடுப்பிலும் இரண்டு பிள்ளைகளோடு போகிறபோது உள்ளே எட்டிப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

பெரியமுத்து வாசலைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். சுவரிலிருந்து காரை பெயர்ந்து அவன் முகத்தில் உதிர்ந்தது.

ஈரக்கால் சத்தம் கேட்டது. கொழுந்துக் காட்டிலிருந்து ஓடி வந்த ராமுத்தாய் அவன் பக்கம் திரும்பாமலே புறக்கடைக்குப் போனாள். எதையோ விட்டுவிட்டாள், எடுத்துக்கொண்டு போக வந்திருக்கிறாள். சாக்கு கவிழ்ந்து கற்கள் உருளுகிற சத்தம் வந்தது.

"சாமானுக்குத் திரும்பி வரக் கூடாதுன்னுதான சொன்னாக? போயிரு புள்ள" என்றான்.

அவள் உள்ளே வந்தாள். தோளில் முறுக்கிப் போட்டிருந்த துணி முழுக்கக் கல் மண். அது அவனுடைய வேட்டி.

கட்டிலுக்கு முதுகைக் காட்டிக் குந்தினாள். ரவிக்கை விலகிய இடத்தில் தோல் உரிந்து காய்த்துப் போயிருந்தது.

"நேத்துத்தான் மாமா நாப்பது கிலோ கல்லோட மேடேறுனேன். நீங்க முப்பத்தொம்பது, தோளப் புடிங்க."