பழசு போதும்

“இந்த நீலம் வேணும் மேடம். இதுவும். அந்த மூலையில சாஞ்சிருக்கே, அதையும் எடுத்துக்கறேன்.”

கேலரிக்காரர் விரலை நீட்ட நீட்ட, அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அவள் கணவர் பேர்பெற்ற ஓவியர். ஊரே மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். வருகிறவர்கள் எல்லாம் நேரே மாடிக்கு, அவருடைய ஸ்டுடியோவுக்குப் போவார்கள். அவள் கையால் காபி வாங்கிக் குடித்துவிட்டு, “நீங்களும் ஏதோ வரைவீங்களாமே?” என்று ஒரு பேச்சுக்குக் கேட்பார்கள். கீழே, துணி உலர்த்தும் அறையில் அவள் வரைந்து அடுக்கியிருப்பதை எட்டிப் பார்க்க ஒருவருக்கும் மனசு வந்ததில்லை.

“என் படங்களைப் பார்க்கணும்னு எப்படித் தோணிச்சு உங்களுக்கு?”

“மாஸ்டர்தான் சொன்னார். ‘என் வொய்ஃப் ரூம்ல போய்ப் பாருங்க, அசந்துடுவீங்க’ன்னார்.”

அவரா? “உன் படத்துல தலையும் புரியலை, வாலும் புரியலை” என்று விருந்தாளிகள் முன்னாலேயே சிரிக்கிற மனுஷனாயிற்றே! அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தைக்கு ஏங்கி ஏங்கியே அவள் தலை நரைத்திருந்தது. இத்தனை நாள் மனசுக்குள் அவரைக் கரித்துக்கொட்டியதை நினைத்து வெட்கப்பட்டாள்.

“அப்ப இதையும் பாருங்க.” போன மாசம் முடித்த பெரிய சிவப்பை முன்னால் இழுத்து வைத்தாள். உருவம் என்று எதுவும் கிடையாது. வண்ணத்தை அள்ளி வீசி, உள்ளங்கையால் தேய்த்து, அடக்கி வைத்திருந்த கோபத்தையெல்லாம் கொட்டிய படம்.

கேலரிக்காரர் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. “வேணாம் மேடம். பழசு போதும்.”

“அதெல்லாம் கல்யாணமான புதுசுல வரைஞ்சது. கத்துக்குட்டி வேலைங்க. இதுலதான் நான் இருக்கேன்.”

“எனக்குப் பழசுதான் வேணும்.”

விவரம் தெரிந்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுக்கொடுத்தாள். வேலையாட்கள் படங்களைத் தூக்கினார்கள். “என்னோடதை எந்தச் சுவர்ல மாட்டுவீங்க?” என்று கேட்டுக்கொண்டே வாசல்வரை பின்னாலேயே ஓடினாள்.

மாடிப்படியிலிருந்து மாஸ்டரின் குரல் வந்தது.

“பத்திரமா ஏத்துங்கப்பா! புதுக் கான்வாஸ் வாங்க வக்கில்லாத காலத்துல, நான் கழிச்சுப் போட்ட படங்களோட முதுகுலதான் இவ வரைஞ்சு பழகினா. மாட்டறப்போ இவ கிறுக்கினது சுவரைப் பார்த்து இருக்கட்டும்.”