பலகையில் நாற்பத்தொன்று

அந்தக் கால்பந்து வீடியோ கேம் ஒரு விதியைக்கூட விட்டுக்கொடுக்காது. ஜெரோமுக்குப் பெருமையும் அதுதான், எரிச்சலும் அதுதான். ஆளை மாற்றினால், வெளியேறுபவன் கோட்டைத் தாண்டும்வரை புது ஆள் உள்ளே வர மாட்டான். தோற்கிற நேரத்தில் அந்த மெதுநடை உயிரை வாங்கும்.

இன்று அவன் ஆள் மாற்றும் பட்டனைத் தொடவே இல்லை. ஆனாலும் கோட்டோரம் நின்ற நடுவர் பலகையைத் தூக்கினார். வெளியேற வேண்டியது 41. அவன் அணியில் அந்த எண்ணில் ஆளே இல்லை. அது அவன் வயது. பதினொரு பேரும் அவன் பக்கம் திரும்பி, வழியனுப்புவதுபோலக் கைதட்டினார்கள். பதறிப்போய் டிவியை அணைத்தான். கைதட்டல் ஓயவில்லை.

வாசலிலிருந்து மனைவி டெல்பின் கூப்பிட்டாள்: "என்னங்க, பூட்ஸ் போட்டுக்கிட்டு ஒருத்தர் வந்து நிக்கிறார். நீங்க வெளிய வந்தாத்தான் உள்ள வருவாராம்."