மூங்கில் முடக்கில் இராக்கம்மா

"புருசனைப் பொதைச்ச ஈரம் இன்னும் காயல. பொழுது சாஞ்சா காட்டுக்குக் கெளம்பிடுறா. இது குடும்பப் பொம்பளை செய்யிற காரியமா?"

முருகையா கங்காணி, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்று சத்தம் போட்டார். மடுல்சீமையில் அந்தத் தேயிலைத் தோட்டத்துக்குத் துரைக்கு அடுத்த ஆள் அவர்தான். சமயத்தில் துரைக்கும் மேலே.

"இராக்கம்மாவை ஏசாதீங்க கங்காணி. அது அவ இல்ல. செத்துப்போன அழகையாதான் அவமேல வந்து இறங்கியிருக்கான்" என்றாள் பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் கருப்பம்மா. "நேத்து வெறகுக்குப் போன எங்களைப் பாத்து, 'அங்கேயே நில்லு, காலை வைக்காதே'ன்னு கத்துறா. அச்சு அசல் அவன் குரலுங்க. திரும்பிப் பாக்காம ஓடியாந்துட்டோம்."

சொல்லும்போதே அவள் கை தாலியைப் பிடித்துக்கொண்டது. இடுப்பில் இராக்கம்மாவின் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"அவ அங்க உக்காந்து கத்துற கத்துல, ஒரு பன்னிகூடக் காட்டைவிட்டு எறங்க மாட்டேங்குது!" என்றார் கங்காணி.

"அது நல்லதுதானுங்களே? மரவள்ளியாவது தப்பிக்கும்" என்றான் சன்னாசி.

கங்காணி அவனை முறைத்த முறைப்பில் அவன் கருப்பம்மாவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டான்.

அழகையா செத்தது, காட்டுப் பாதை வளைந்து திரும்பும் அந்த மூங்கில் முடக்கில்தான். குறுக்குப் பாதையில் தனியாக வந்தவனுக்குத் தொடையில் வெடி பட்டு, இராக்கம்மா தேடிக்கொண்டு போவதற்குள் ரத்தமெல்லாம் போய்விட்டது. சுட்ட துவக்கு அகப்படவில்லை. பதுளையிலிருந்து வந்த போலீஸ் சார்ஜன் விசாரித்தபோது, எல்லோருக்கும் சேர்த்துக் கங்காணியே பதில் சொன்னார்.

"எங்க லயத்துல ஏதுங்க துவக்கு? லைசென் இல்லாததையெல்லாம் கவுமெண்டு கேட்டப்ப, நான்தானே வீடு வீடாப் போய் வாங்கி ஒப்படைச்சேன்? எவனோ வெளியாளு மானுக்கு வெச்ச குறி தப்பியிருக்கும்."

ஒப்படைத்தது உண்மைதான். ஜெர்மன் சண்டை நடந்துகொண்டிருந்த நேரம். சொன்னதும் செய்து காட்டினார் என்று துரை தன் கையாலேயே அவருக்கு ஒரு கறுப்புக் கோட்டு கொடுத்தார். அதைக் கங்காணி வெயிலிலும் கழற்றுவதில்லை.

"நின்னு சுட்டா தொடையிலயாங்க படும்? இது கட்டுத்துவக்கு. பன்னி தட்டினா வெடிக்கிற மாதிரி எவனோ பாதையில கயிறு கட்டி வெச்சிருக்கான்" என்று இராக்கம்மா அழுதது யார் காதிலும் ஏறவில்லை. கட்டுத்துவக்கு வைத்தால் மறியல், சிறைதான். வைத்தவன் நான்தான் என்று வந்து நிற்பானா?

அன்றிலிருந்துதான் அவள் புருசனின் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு முடக்கில் போய் உட்கார ஆரம்பித்தாள்.

"பேயோ, கள்ளப் புருசனோ, இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடணும். எல்லாரும் வாங்க. வந்து உங்க கண்ணாலயே பாருங்க. நாளைக்கு அவ இந்த லயத்துல இருக்கக் கூடாது" என்று கங்காணி கிளம்பினார்.

தோட்டத்தை விட்டால் அவளுக்கும் பிள்ளைக்கும் போக்கிடம் கிடையாது. அது தெரிந்தும் எல்லோரும் பின்னால் போனார்கள். வேடிக்கை பார்க்க வா என்றால் நம் கால் சும்மா இருக்குமா?

பொழுது மங்கியிருந்தது. மலையிலிருந்து பனி இறங்கிப் பாதையை மூடிக்கொண்டிருந்தது. காற்றே இல்லை. ஆனாலும் மூங்கில்கள் ஒன்றோடொன்று உரசி முனகின.

"நில்லுங்க!"

பனிக்குள்ளிருந்து வந்தது குரல். ஆண் குரல். அழகையாவோடு ஒன்றாகத் தேயிலைக் கவ்வாத்து வெட்டிய சன்னாசிக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும்.

"அவனேதாங்க..."

"யாரும் வராதீங்க. துவக்கு கட்டியிருக்கு."

ஒருவரும் அசையவில்லை. எங்கே கட்டியிருக்கிறது? முன்னாலா, பக்கத்திலா? எடுத்த காலைக் கீழே வைக்கவே பயமாக இருந்தது. கருப்பம்மா குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

"துவக்காவது மண்ணாவது! நீங்க இங்கேயே நில்லுங்க. நான் போய் மயிரைப் புடிச்சு இழுத்துட்டு வாறேன்."

கங்காணி மட்டும் நடந்தார். ஆம்பளை என்றால் இவரல்லவா ஆம்பளை என்று அந்த நேரத்தில் எல்லோருக்குமே தோன்றியது.

பனிக்குள்ளும் கறுப்புக் கோட்டு நன்றாகத் தெரிந்தது. விறுவிறுவென்று போனது. இரண்டு மூங்கில் புதர்களுக்கு நடுவே வந்ததும் நின்றது. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது காலை முழங்கால் உயரத்துக்கு எடுத்து அப்பால் வைத்தது. பிறகு இடது காலையும் அதேபோல் எடுத்து வைத்துவிட்டு, மறுபடி விறுவிறுவென்று நடந்தது.

கம்பளி மெல்ல விலகியது. இராக்கம்மா. அவள் மடியில் ஒரு பழைய துவக்கு. அதன்மேல் சுருட்டி வைத்த கித்துல் கயிறு.

கங்காணி சட்டென்று திரும்பி, தான் தாண்டி வந்த இடத்தைப் பார்த்தார். வெறும் தரை. அதற்கு அந்தப் பக்கம் லயமே நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கயிறை நான் மத்தியானமே அவுத்துட்டேன், கங்காணி அய்யா." இப்போது அது இராக்கம்மாவின் சொந்தக் குரல். "நீங்க எதைத் தாண்டி வந்தீங்க?"