கீழே விழாத கட்டு

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் காலை வெயில் மெட்ரோ வேலைத் தூசியில் மஞ்சளாகக் கலங்கி நிற்கிறது. குருசாமி வேனில் ஏற்ற மறுத்ததால் தனியாகச் சபரிமலைக்குக் கிளம்பிய இளங்கோ, கறுப்பு வேட்டியும் மாலையுமாக, தலைமேல் இருமுடியை இரண்டு கையாலும் பிடித்தபடி அடி வாங்கிக்கொண்டிருக்கிறான். அடிப்பவன் அவன் மனைவி ரேகாவின் அண்ணன் தமிழ்வாணன். "மாலை போட்டுகினு என் தங்கச்சி பல்ல ஒடச்சிட்டியே, சாமி! இன்னா மூஞ்சிய வெச்சிகினு மலைக்குப் போற, சாமி?" ஒவ்வொரு அறைக்கும் ஒரு சாமி. மாலை போட்டவனை வேறு எப்படிக் கூப்பிடுவதென்று அவனுக்குத் தெரியவில்லை. கன்னத்துச் சந்தனம் விரல் விரலாக அழிகிறது. கட்டு தரையில் படக்கூடாது. இளங்கோ கையை இறக்கவில்லை. "வுடு அண்ணாத்தே, சாமி மேல கை வெக்காத!" என்று பூக்காரி அலறுகிறாள். "இவன் அவ மேல வெச்சான்ல!" அடுத்த குத்து விலாவில் இறங்க, இளங்கோ மடங்கிக் குனிகிறான். இருமுடி சரிகிறது. நெய்த்தேங்காயோடு அது தரையைத் தொடுமுன் தமிழ்வாணன் பாய்ந்து, முட்டி தேய விழுந்து, இரண்டு கையாலும் அதை மார்போடு அணைத்துக்கொள்கிறான். அவசரமாகச் செருப்பை உதறுகிறான். "சாமியே சரணம்" என்று வாய் தானாகச் சொல்கிறது. இப்போது இளங்கோவின் கைகள் காலியாக இருக்கின்றன. அவனுடைய முதல் குத்து தமிழ்வாணனின் வாயில் விழுகிறது. அடுத்ததும் அதே இடத்தில். தமிழ்வாணன் கட்டை இறக்கவில்லை. ரத்தம் அதன்மேல் சொட்டாதபடி முகத்தை மட்டும் திருப்பிக்கொள்கிறான்.